ஒரே மெஷினில் இரண்டு கார்டு

"கேம் நல்லா ஓடணும்னா ஒரே கம்ப்யூட்டர்ல ரெண்டு கிராபிக்ஸ் கார்டு போடணும் சார். ரெண்டு கம்ப்யூட்டர் எதுக்கு?" என்றார் எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் கடைக்காரர் விஜய்குமார்.

ஞானசேகரனும் வனஜாவும் மேஜையின் இரு முனைகளில் நின்றிருந்தார்கள். பத்தாவது படிக்கும் அவர்கள் மகள் தர்ஷினி, மேஜை மேலிருந்த கார்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயே சொல்லு பாப்பா, எப்படிப் போடட்டும்?"

"ஒண்ணுலயே ரெண்டும் போட்டா சூப்பரா இருக்கும் அங்கிள்" என்றவள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு அம்மாவை. இருவருமே தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"பரவால்ல, ரெண்டு கம்ப்யூட்டரா குடுங்க. ஒவ்வொண்ணுலயும் ஒரு கார்டு போடுங்க" என்றாள் தர்ஷினி.

"சும்மா வேஸ்ட்மா! புது கேம் எதுவும் ரெண்டுலயும் சரியா ஓடாது."

"ஓடற வரைக்கும் ஓடட்டுங்க" என்றாள் வனஜா.

விஜய்குமார் அலுப்போடு பில் புத்தகத்தை எடுத்தார். "டெலிவரி எங்க சார்?"

"ஒண்ணு சந்தாபுரா, என் வீட்டுக்கு" என்றான் ஞானசேகரன்.

"இன்னொண்ணு எலெக்ட்ரானிக் சிட்டி, என் வீட்டுக்கு" என்றாள் வனஜா.

விஜய்குமாரின் பேனா நின்றது.

தர்ஷினிதான் மெதுவாகச் சொன்னாள். "இனிமே நான் ஒரு வாரம் அப்பாகிட்ட, ஒரு வாரம் அம்மாகிட்ட இருக்கணுமாம் அங்கிள். கோர்ட்ல சொல்லிட்டாங்க."