தாமதமாக எழுபவள்

மின்சாரம் போய் வரும்போதெல்லாம், வீட்டுச் சர்வர் முதலில் விழித்த டிஸ்குக்கு 'ஒன்று' என்றும் அடுத்ததற்கு 'இரண்டு' என்றும் பெயர் வைக்கும். இதுவரை ஒன்றில் இருந்தது, இறந்துபோன மகிழினியின் குரலும், கூப்பிட்டால் அவளைப்போலவே பதில் சொல்லும் பேச்சும். இரண்டில் வாசல் கேமராவின் படங்கள். மாலை ஆறு மணிக்கு 'இரண்டு' தானாக அழிந்துவிடும்.

இன்று மகிழினியின் டிஸ்க் தாமதமாக விழித்தது. திரையில் 'இரண்டு: மகிழினி' என்று பார்த்ததும் அவள் கணவன் நன்மாறன் பதறி, அவள் தம்பியைப் போனில் அழைத்தான்.

"அக்கா என்னிக்கு முதல்ல எழுந்திருக்கா, மாமா? வரிசைய நம்பலாமா?" என்றான் அமுதன். "ஒவ்வொரு டிஸ்குக்கும் பொறக்கும்போதே ஒரு நம்பர் உண்டு, அது மாறாது. கேமரா டிஸ்கோட நம்பரக் குடுத்து, அத மட்டும் அழிக்கச் சொல்லுங்க. சீக்கிரம்!"

நன்மாறன் அப்படியே கொடுத்தான். ஆறு மணிக்குக் கேமராப் படங்கள் மட்டும் போயின. அப்போதும் மனம் அடங்காமல் சர்வரை ஒருமுறை அணைத்து மறுபடி போட்டுவிட்டுக் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். கேமரா டிஸ்க் விழித்துவிட்டது. அவளிடமிருந்து சத்தமே இல்லை.

"மகி, எழுந்திரு."

"இன்னும் அஞ்சே நிமிஷம்ங்க..."

அவள் உயிரோடு இருந்தவரை இதற்குத் தினமும் சண்டை போட்டவன், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"சரி, தூங்கு."