மாதிரி வீட்டு அலமாரி

அன்றைக்கு ஆறாவது முறையாக மாதிரி வீட்டைச் சுற்றிக் காட்டியதில் விற்பனைக்காரிக்குத் தொண்டை வறண்டுவிட்டது. வந்தவர் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"உள்ள வெறும் தெர்மாகோல்! மழைக்குத் தாங்குமா?"

"தாங்கும் சார். தொழிற்சாலையிலயே செஞ்சு கொண்டாந்து மாட்டுற பேனல். வெயில் சூடும் இறங்காது."

"கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்காதம்மா. இதுல மனுஷன் குடியிருப்பானா?" என்றபடி அலமாரிப் பக்கம் போனார்.

"சார், அதை மட்டும் திறக்காதீங்க!"

"அதானே பாத்தேன்! விரிசலை மறைச்சு வச்சிருக்கியா?"

வெடுக்கென்று திறந்தார். உள்ளே சுருட்டிய படுக்கை, இரண்டு தட்டு, ஈரம் காயாத பள்ளிச் சீருடை.

"நானும் எம் பொண்ணும் இங்கதான் சார் இருக்கோம். கம்பெனிக்குத் தெரிஞ்சா வேலையும் போயிரும், வீடும் போயிரும்."

அவர் கதவை மெதுவாகச் சாத்தினார்.

"இப்பச் சொல்லும்மா. மழைக்குத் தாங்குச்சா?"

"ரெண்டு மழைக்காலம் போயிருச்சு சார். ஒரு சொட்டு இறங்கல."

"அப்ப எனக்கும் ஒண்ணு எழுதிக்கோங்க."