கால் தெரியக்கூடாது

“சீலையை இன்னும் கீழை இறக்கு. கால் தெரியக்கூடாது,” என்றார் கதிரவேலு. மகள் குணலட்சுமி இறக்கிவிட்டாள். உடுப்பிட்டியிலிருந்து பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தகப்பன் அப்போதுதான் படலையைத் திறந்துகொண்டிருந்தார்.

பிள்ளையின் காலில் ஊனம் ஒன்றும் இல்லை. பெருவிரலோரம் காய்த்துத் தடித்திருந்தது, அவ்வளவுதான். அச்சுவேலி நெசவுசாலையில் தறி மிதித்து மிதித்து வந்த காய்ப்பு அது.

நெசவுசாலையில் ஆண்கள் நெய்வார்கள், பெண்கள் நூல் சுற்றுவார்கள். அதுதான் வழக்கம். உலகச் சண்டை வந்து, பலாலியில் வெள்ளைக்காரனுக்கு விமானத்தளம் கட்டக் கூலி அதிகம் என்று ஆண்கள் ஓடிவிட, ஆளில்லாத தறியொன்றில் குணலட்சுமியை இருத்தினார்கள்.

ஆம்பிளை மாதிரிக் காலை ஆட்டி நெய்கிற பிள்ளை வேண்டாம் என்று இரண்டு சம்பந்தம் தட்டிப்போனது. கதிரவேலு வெட்கத்தில் சந்தைப் பக்கம் போவதையே விட்டார். மகளின் சம்பளத்தை வாங்கும்போது மட்டும் அந்த வெட்கம் வரவில்லை.

வந்தவர் பெயர் சோமசேகரம். பனங்கட்டியைக் கடித்துத் தேநீர் குடித்தார். சீதனத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிள்ளைக்கு முதுகு நோவு, கால் உளைவு ஏதும் உண்டா என்றுதான் விசாரித்தார். கதிரவேலு ஒன்றும் இல்லை என்று அவசரமாகச் சொன்னார்.

“உங்கடை பிள்ளை தறியிலை இருக்கிறவ எண்டு தரகர் சொன்னவர்,” என்றார் சோமசேகரம்.

இதுவும் போச்சு என்று பட்டது கதிரவேலுவுக்கு. “அது வேறை ஆரின்ரையோ பிள்ளை. என்ரை மகள் ஒரு மூலையிலை இருந்து நூல் சுத்திறதோடை சரி. சந்நிதி முருகனாணை, தறியைத் தொட்டும் பாக்கேல்லை.”

கதவுக்குப் பின்னால் நின்ற குணலட்சுமி அடுப்படிக்குப் போய்விட்டாள். பெற்ற பிள்ளையின் உழைப்பை இல்லையென்று சத்தியம் செய்தது அவருக்கே சுருக்கென்றது. சம்பந்தம் தப்பியதே என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

சோமசேகரம் தேநீர் குடித்த மூக்குப்பேணியை வைத்துவிட்டு எழும்பினார். முகம் வாடியிருந்தது. கதிரவேலு பதறிப்போய், என்ன குறை என்று கேட்டார்.

குறை ஒன்றும் இல்லை என்றார் சோமசேகரம். தங்கள் வீட்டில் மனைவிதான் தறியில் இருக்கிறாள், தானும் மகனும் நூல் சுற்றிக் கொடுக்கிறோம் என்று கூச்சமே இல்லாமல் சொன்னார். அவளுக்கு இப்போது உடம்புக்கு ஏலாது. அவளுக்குப் பிறகு தறியில் இருக்க ஒரு மருமகளைத்தான் தேடி வந்தாராம். தரகர் வீட்டை மாற்றிச் சொல்லிவிட்டார் போல.

கதிரவேலு வாயைத் திறந்தார். முருகன்மேல் வைத்த ஆணை குறுக்கே நின்றது. அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்க்க அவருக்கு முகம் இல்லை.

சோமசேகரம் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு பணிவாகக் கேட்டார்.

“அப்ப, அந்தப் பிள்ளையின்ரை வீட்டை ஒருக்காக் காட்டிவிடுவியளோ?”