கையெழுத்து நாள்

"ரெண்டு வாரம் கையெழுத்துப் போட வரலைன்னா, எங்க லண்டன்ல நேரா கோர்ட்டுதான் மேடம்," என்றான் ஆதித்தன்.

காரைக்குடிக்காரன், லண்டனில் நன்னடத்தை அதிகாரி. கோர்ட் ஜெயிலுக்கு அனுப்பாமல் வெளியே விட்டவர்களைக் கண்காணிக்கிற வேலை. லீவில் வந்தவன், இங்கே அதே வேலை பார்க்கும் லூசியாவோடு ஆத்தங்குடி பஸ்ஸில் ஏறியிருந்தான்.

"இங்கயும் கோர்ட்டுதான் தம்பி. அதுக்கு முன்னால ஆளை ஒருதடவ பாத்துருவோம்."

"எங்க ஆபீஸ்ல மட்டும் பதினஞ்சு அதிகாரிக. இங்க?"

"ஜில்லாவுக்கே நான் ஒருத்திதான்."

வராதவன் முத்தழகு. வரப்புத் தகராறில் பக்கத்து வயல்காரர் சேதுபதியின் காலை அடித்து முறித்தவன். இப்போது தரைக்கல் பட்டறையில் வேலை.

பட்டறையில் ஆள் இல்லை. "சேதுபதி வீட்டுப் பக்கம் போனான்," என்றார் முதலாளி.

"மறுபடியுமா!" ஆதித்தன் விரைந்தான்.

வாசலிலேயே அலறல் கேட்டது. "விடுடா! உயிர் போகுதுடா!"

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்கள்.

கட்டிலில் சேதுபதி. அவர் காலைப் பிடித்து மெதுவாக மடக்கி நீட்டிக்கொண்டிருந்தான் முத்தழகு. பக்கத்தில் தைல பாட்டில்.

லூசியாவைப் பார்த்ததும் சட்டென்று எழுந்தான்.

"அவனை ஒண்ணும் சொல்லாதீகம்மா," என்றார் சேதுபதி. "கட்டுப் பிரிச்சதுலருந்து தேவகோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போறது, கூட்டி வாரது எல்லாம் இவன்தான். கையெழுத்து நாளும் ஆஸ்பத்திரி நாளும் ஒண்ணாப் போச்சு. பிள்ளைக திருப்பூர்ல. எனக்கு வேற யாரு இருக்கா?"

"நீங்க கூப்பிட்டீகளா?"

"நானா? வாசல்ல வந்து நின்னான், வெரட்டுனேன். மறுநாளும் வந்து நின்னான்."

முத்தழகு தலை நிமிரவில்லை. "முறிச்சது நான்தானம்மா."

லூசியா பையிலிருந்து பதிவேட்டை எடுத்தாள். "இங்குட்டு வந்து கையெழுத்துப் போடு. இனிமே நானே பட்டறைக்கு வாரேன்."

இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். ஆதித்தன் சொன்னான்: "எங்க லண்டன்ல, அடிபட்டவரை நெருங்கவே கூடாதுன்னு உத்தரவு போடுவாக. மீறினா ஜெயில். நல்லவேளை, இங்க அதெல்லாம் இல்ல."

"யாரு சொன்னா? முத்தழகுக்குப் போட்ட உத்தரவுலயும் அதான் முதல் நிபந்தனை."

ஆதித்தன் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தான்.

லூசியா அவனை நேராகப் பார்த்தாள். "நீங்க லண்டன் அதிகாரி. சொல்லுங்க, இன்னைக்கு முத்தழகை சேதுபதி வீட்டுல பாத்தீகளா?"

"சேதுபதியா?" என்றான் ஆதித்தன். "அது யாரு மேடம்?"