கவிழ்த்த டம்ளர்

பயிற்சி அறையின் ஜன்னல் வெயில், மேசைமேல் தளும்ப நிற்கும் கண்ணாடி டம்ளரில் பட்டுச் சுவரில் நடுங்குகிறது. எதிரே சக்கர நாற்காலியில் அறிவியல் மாமா. ஒரு காலத்தில் ஞாயிறு காலைகளில் டிவியில் சோதனை செய்து காட்டி, தெருப்பிள்ளைகள் அத்தனை பேரையும் வீட்டுக்குள் இழுத்துப் போட்டவர். பக்கவாதத்தில் வலது கை பாதியும் பேச்சு முழுதும் போய்விட்டன. பேச்சுப் பயிற்சி தருகிறவள் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி. டம்ளரின் வாயை ஓர் அட்டையால் மூடுகிறாள். "அட்டைய நான் பிடிச்சுக்கட்டுமா மாமா?" அவர் தலையை ஆட்டி மறுக்கிறார். உதறும் வலது கையை அட்டைமேல் தானே தூக்கி வைத்து, இடது கையால் டம்ளரைக் கவிழ்க்கிறார். தண்ணீர் முழுதும் மடியில். "போதும்ப்பா, நாளைக்குப் பார்த்துக்கலாம்," என்று மகள் துண்டோடு குனிகிறாள். அவர் டம்ளரை விடுவதாயில்லை. பயிற்சிக்காரி மறுபடி நிரப்புகிறாள். மறுபடியும் மடி நனைகிறது. அடுத்த தடவை, கையை எடுத்த பிறகும் அட்டை ஒட்டிக்கொண்டு நிற்கிறது. தலைகீழ் டம்ளரிலிருந்து ஒரு சொட்டு விழவில்லை. "ஏன் மாமா கொட்டல?" என்கிறாள் பயிற்சிக்காரி. பதில் அவளுக்கு எட்டு வயதிலேயே மனப்பாடம். எடுத்துக்கொடுக்க வாய் திறக்கும் மகளைக் கைகாட்டி நிறுத்துகிறாள். அவர் கழுத்து நரம்பு புடைக்கிறது. "கா..." உதடு கோணுகிறது. "கா... காத்து." மகள் ஈரத்துண்டில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறாள். அவரோ, ஒரு சொல்லெல்லாம் விளக்கமாகிவிடுமா என்பதுபோல் முகம் சுளித்து, அடுத்த சொல்லுக்கு உதட்டைக் குவிக்கிறார்.