கயிற்றை அறுத்தவன்

கடப்பாக்கம் அம்மன் கோயில் வாசலில் இருந்தவர்கள்: பஞ்சாயத்தார் மூன்று பேர், கடலில் செத்துப்போன மாரியைப் பெற்ற குப்பம்மா, அவனோடு கட்டுமரத்தில் போன தம்பி தணிகைவேல்.

“மாரி சிக்கினது நைலான் வலை, கிழியாது. அலையில அவனோட சேர்த்து மரத்தையும் கவுத்துகினு இருந்திச்சு. வலைய மரத்தோட கட்டியிருந்த கயித்த தணிகைவேலு அறுக்கலன்னா ரெண்டு பேரும் பூட்டிருப்பானுங்க. தப்பு இல்ல,” என்றார் பஞ்சாயத்தாரில் ஒருவரான பக்தவச்சலம். “குப்பம்மா, நீ இன்னா சொல்ற?”

“மூத்தது பூட்ச்சு. இளையதையாவது வூட்டுக்கு இட்டுகினு போறேன்,” என்று தணிகைவேலின் கையைப் பிடித்தாள் அவள்.

வீட்டு வாசற்படியில் அவன் நின்றுவிட்டான்.

“எம்மா, அலை அடங்கிடுச்சு. மரம் நேரா நின்னுச்சு. அண்ணன் கைய நீட்டினான். அதுக்கப்புறந்தான் அறுத்தேன். பஞ்சாயத்துல சொல்லிட்டு வந்துடறேன்.”

“வாய மூடு. எனக்கு ஒரு புள்ளையாவது வேணும்.”

அவனை உள்ளே தள்ளி, கதவைச் சாத்தி, வெளியே பூட்டுப் போட்டாள்.