திக்காத பெட்டி

இறந்துபோன கணவர் கதிரேசன், வீட்டிலிருந்த சர்வர் பெட்டியில் பதிவாகி, தினமும் திரையில் வந்து பேசுவார். கொஞ்ச நாளாகப் படம் இழுத்து இழுத்து நின்றதால் பூங்கோதை அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனாள்.

“எச்.டி.யில பார்க்கணும் தம்பி. இனிமே படம் திக்கவே கூடாது.”

“இந்தப் பெட்டிய எடுத்துக்குங்கக்கா. எங்க திக்கினாலும் அதுவே சரி பண்ணிடும்.”

கடைக்காரர் கதிரேசனைப் புதிய பெட்டிக்கு மாற்றிவிட்டு, பழைய பெட்டியில் இருந்ததை அங்கேயே அழித்தார்.

வீட்டில் திரை பளிச்சென்று தெளிந்தது. மீசையில் இருந்த ஒற்றை நரைகூடத் தெரிந்தது.

“பூங்கோதை, சாப்பிட்டியா?”

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவர் “பூ... பூ... பூங்கோதை” என்று திக்கித்தான் கூப்பிடுவார்.

“இன்னொரு தடவை கூப்பிடுங்க” என்றாள்.

“பூங்கோதை.”

மணிமணியாகக் கூப்பிட்டார், யாரோ ஒருவர்.